லாரி ஓட்டுநரும் நஷ்டஈட்டு உரிமையும்

நாம் உண்ணும் அரிசியும், உடுக்கும் துணியும், வீடு கட்டும் சிமென்ட்டும், இம்மலரை அச்சிடும் காகிதமும் எவ்வாறு நம் வாயிலில் வந்து சேருகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊரெல்லாம் உறங்கும் வேளையில் ஒருவர் விழித்திருந்து, பல நூறு கல் தொலைவைக் கடந்து அவற்றைக் கொணர்ந்து சேர்க்கின்றார். அவரே லாரி ஓட்டுநர். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு முதலிய ஊர்களிலே இத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அக்குடும்பத்துப் பிள்ளைகளுட் சிலர் இன்று கல்லூரிகளில் நம்முடன் அமர்ந்து பயில்கின்றனர். ஆகவே ஈண்டுக் கூறப் புகும் விஷயம் நமக்குப் புறம்பானதன்று.

சாலை விபத்து ஒன்றைப் பற்றிச் செய்தி வருமாயின், நாம் முதலிற் கேட்கும் கேள்வி, ‘குற்றம் யாருடையது?’ என்பதே. அக்கேள்விக்கு விடையாக ஓட்டுநரையே சுட்டுவதும் நம் வழக்கம். விபத்து நிகழ்த்திவிட்டு அறிவியாது செல்வோருக்குப் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கும் பிரிவை எதிர்த்து, 2024ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் ஓட்டுநர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். அப்பொழுதுதான் தேசம் அவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அப்பொழுதும் அவர்களைக் குற்றஞ்சாட்டப்படுவோராகக் கண்டதேயன்றி, காயம்படுவோராகக் காணவில்லை. சாலையில் நொறுங்கும் முதற் பொருள் பெரும்பாலும் ஓட்டுநரின் கூண்டே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். அன்றியும், ஓட்டுநருக்கு நேரும் தீங்கெல்லாம் வண்டி ஓடும்பொழுதே நேர்வதுமன்று. பாரத்தின்மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்பொழுது தவறி விழுவோரும், சக்கரம் மாற்றும்பொழுது ஜாக்கி நழுவிக் கை நசுங்குவோரும், லோடு இறக்குமிடத்தில் மூட்டை சரிந்து முதுகு முறிவோரும் உளர். இங்ஙனம் காயமுற்றவரின் சுமையைத் தாங்கவேண்டியவர் யார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இக்கேள்வி பழமையானது, பாரவண்டியோடு தொடக்கமுதல் பிணைந்தது. இங்கிலாந்திலே 1835ஆம் ஆண்டில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வேலையாள், முதலாளியின் ஏவலால் சரக்கு வண்டியிற் சென்றான். அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றப்பட்ட அவ்வண்டி முறிந்து விழுந்தது. அவன் தொடையெலும்பும் முறிந்தது. அவன் தொடுத்த வழக்கில் ஜூரிகள் 100 பவுன் ஈடு அளித்தனர். ஆயின் 1837இல் மேல் நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. வண்டியின் நிலையை முதலாளியைப் போலவே வேலையாளும் அறிந்திருக்கக்கூடும் என்றும், அஞ்சினால் அவன் ஏற மறுத்திருக்கலாம் என்றும், இவ்வழக்கை ஏற்றால் இத்தகைய வழக்குகளுக்கு முடிவே இராது என்றும் நீதிபதிகள் கருதினர். ‘ஏற மறுத்திருக்கலாம்’ என்பது எத்துணை எளிய சொல்! மறுத்தவனுக்கு மறுநாள் வேலை உண்டா என்பதை அவர்கள் கேட்டிலர். அத்தீர்ப்பினின்று கிளைத்த கொள்கை தொழிலாளர் பலரின் வாயை ஒரு நூற்றாண்டுக்கு மேல் அடைத்து வைத்தது. இங்கிலாந்து அதனை முற்றிலும் ஒழித்தது 1948இலே தான்.

இதற்கிடையில் வேறொரு கருத்து உலகிற் பிறந்தது. ஜெர்மனியில் 1884ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தில் 1897ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்கள், ‘குற்றம் யாருடையது?’ என்னும் கேள்வியைப் பின்னே தள்ளி, ‘காயம் வேலையினால் விளைந்ததா?’ என்னும் கேள்வியை முன்னே வைத்தன. இயந்திரம் தேய்ந்தால் அதன் செலவைத் தொழிலின் கணக்கிலே எழுதுகின்றோம். மனிதன் தேய்ந்தால் மட்டும் அதனை அவன் மனைவி மக்களின் கணக்கில் எழுதுவது எங்ஙனம் நியாயமாகும்? இவ்வெண்ணமே அச்சட்டங்களின் உயிர். இந்தியாவிலும் 1923ஆம் ஆண்டில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றப்பெற்று, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு கடந்த அச்சட்டம், 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் அடங்கி, 2025 நவம்பர் 21 முதல் புதிய வடிவில் நிலவுகின்றது. வடிவம் மாறினும் கொள்கை மாறவில்லை.

அக்கொள்கை யாதெனில், வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் விபத்து நேர்ந்து காயமோ மரணமோ விளைந்தால், முதலாளி ஈடு செலுத்தக் கடமைப்பட்டவர் என்பதே. முதலாளியின்மீது குற்றம் நிரூபிக்க வேண்டுவதில்லை. ஓட்டுநர் சற்றுக் கவனம் தவறியிருப்பினும் உரிமை அழிவதில்லை. குடிவெறியோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியமையோ நேர்க்காரணமாயின் முதலாளி விலகலாம். அதுவும் மரணமோ நிரந்தர முழு ஊனமோ விளைந்தவிடத்துச் செல்லாது. ஓட்டுநர் மட்டுமன்றி, உடன் செல்லும் கிளீனரும் இவ்வுரிமைக்கு உரியவரே. தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில், அதாவது ஈ.எஸ்.ஐ.யில், சேர்ந்தவருக்கு அத்திட்டத்தின் வழியே உதவி கிடைக்கும். சேராதவருக்கு முதலாளியே பொறுப்பு.

ஈட்டின் அளவும் எவர் மனம்போனபடியும் அமைவதன்று. மரணம் நேரின் மாதச் சம்பளத்தின் பாதியையும், நிரந்தர முழு ஊனம் நேரின் நூற்றுக்கு அறுபதையும் எடுத்து, வயதுக்கேற்ற ஓர் எண்ணாற் பெருக்குவது முறை. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி நாற்பது வயதினர்க்கு அவ்வெண் 184.17. மாதச் சம்பளம் 15,000 ரூபாய் பெறும் நாற்பது வயது ஓட்டுநர் ஒருவர் இறப்பின் அவர் குடும்பத்தார்க்கு உரியது 13,81,275 ரூபாய். அவர் உயிர் பிழைத்து, இனி வேலை செய்யவியலாத முழு ஊனமுற்றாராயின் அவருக்கு உரியது 16,57,530 ரூபாய். வைத்தியச் செலவு இதற்கு வேறு. தொகையை ஒரு மாதத்துள் செலுத்தாவிடின் நூற்றுக்கு 12 வீதம் வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை தண்டமும் சேரும்.

ஓட்டுநரின் ஊனத்தை அளப்பதில் நம் உச்ச நீதிமன்றம் காட்டிய நெறி பாராட்டத்தக்கது. இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவரின் வழக்கிலே, ஒரு கையால் தச்சு வேலை செய்ய இயலாதாகலின் அவருடைய ஊனம் முழு ஊனமே என்று அந்நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது. இந்நெறியைப் பின்பற்றியே, முழங்கால்வரை வலக்கால் நீக்கப்பட்ட டாங்கர் லாரி ஓட்டுநர் ஒருவருக்கு, உயர் நீதிமன்றம் குறைத்த தொகையை 2008ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மீட்டளித்தது. கணக்கெழுதுவோர் ஒருவர் காலிழந்தாலும் நாற்காலியில் அமர்ந்து தம் தொழிலைத் தொடரலாம். ஓட்டுநருக்கோ கால் என்பது பிரேக்கும் கிளட்சுமாகும். அது போயின் தொழிலே போயிற்று. உறுப்பின் விலையன்று, தொழிலின் விலையே அளக்கப்படவேண்டுவது என்பது இத்தீர்ப்புகளின் சாரம்.

காயம் என்பது கண்ணுக்குத் தெரிவதாகவே இருக்கவேண்டுமென்பதும் இல்லை. டில்லியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு லாரியை ஓட்டிச் சென்ற ஓட்டுநர் ஒருவர், வழியிலே உடல் நலம் குன்றி, வண்டியை ஓரமாக நிறுத்திய பின் உயிர் நீத்தார். தொடர்ந்து நெடுந்தூரம் ஓட்டும் தொழிலின் அழுத்தமே இதற்குக் காரணமாகக் கொள்ளத்தக்கது என்று 2012ஆம் ஆண்டின் இறுதியில் உச்ச நீதிமன்றம் கூறி, அவர் குடும்பத்தார்க்கு ஈடு அளிக்கச் செய்தது. ஆயினும் வேலை நேரத்தில் மாரடைப்பால் இறந்தமை மட்டும் போதாது. வேலைக்கும் மரணத்துக்கும் தொடர்பு காட்டல் வேண்டும் என்று 2006இல் வேறொரு வழக்கிலே அதே நீதிமன்றம் வற்புறுத்தியுள்ளது. எனவே, எத்தனை மணி நேரம் ஓட்டினார், எப்பொழுது புறப்பட்டார், எங்கே உறங்கினார் என்னும் விவரங்கள் ஒரு குடும்பத்தின் வாழ்வையே தீர்மானிப்பனவாகின்றன.

இவ்வளவும் ஏட்டிலே உளது. ஏட்டிலுள்ள உரிமை வீட்டை அடைகின்றதா? பெரும்பாலும் இல்லை என்பதே நாம் காணும் உண்மை. இதற்குக் காரணம் சட்டத்தின் கருமித்தனம் அன்று, காகிதம் இல்லாமையே. ஓட்டுநர் வேலையில் அமரும்பொழுது நியமன உத்தரவு இல்லை. சம்பளப் பட்டியல் இல்லை. நடைக்கு இவ்வளவு, நாளைக்குப் பேட்டா இவ்வளவு என்று வாய்ச்சொல்லாகப் பேசி, பணத்தைக் கையில் வாங்கிச் செல்வதே வழக்கம். விபத்து நேர்ந்தபின், ‘இவர் எங்களிடம் வேலை செய்தவரே அல்லர்’ என்றோ, ‘சம்பளம் எட்டாயிரமே, மற்றவை வழிச்செலவு’ என்றோ எதிர்த்தரப்பு வாதிக்கின்றது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் முன்னோர் கேட்டனர். மேலே கூறிய நாற்பது வயது ஓட்டுநர் 15,000 ரூபாய் பெற்றதை நிரூபிக்க இயலாது, 8,000 ரூபாய் மட்டும் ஒப்புக்கொள்ளப்படுமாயின், முழு ஊனத்திற்குரிய ஈடு 16,57,530 ரூபாயினின்று 8,84,016 ரூபாயாகச் சுருங்கும். ஒரு துண்டுக் காகிதம் இல்லாமையின் விலை 7,73,514 ரூபாய்!

பேட்டாவைப் பற்றியும் ஒரு சொல். புதிய தொகுப்பின்படி, சம்பளத்தில் சேராதவையென ஒதுக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்திற் பாதியை மிஞ்சுமாயின், மிஞ்சிய பகுதி சம்பளமாகவே கருதப்படும். பெயரளவில் சிறு சம்பளமும் பெரும் படியுமாகப் பிரித்துத் தரும் வழக்கத்திற்கு இது ஒரு தடை. ஆயினும் படி இவ்வளவு கொடுத்தோம் என்பதற்கே எழுத்து இல்லாதபோது, இத்தடையாற் பயன் யாது?

காகிதம் இல்லாமையோடு மனப்பான்மை ஒன்றும் சேர்ந்துகொள்கின்றது. விபத்துக்குப் பின் முதலாளி வீட்டுக்கு வந்து, ஆறுதல் கூறி, ஐம்பதினாயிரமோ ஓரிலட்சமோ கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிச் செல்கின்றார். பெற்றவர்கள், ‘முதலாளி நல்லவர், கொடுக்காமல் இருந்தாலும் நாம் என்ன செய்யமுடியும்?’ என்று அதனைத் தருமமாகக் கருதி வணங்குகின்றனர். அம்முதலாளி மனமுவந்து கொடுத்திருக்கலாம்; அவர் இரக்கத்தை யாம் இகழ்வதில்லை. ஆனால் கடன்பட்டவர் கடனில் ஒரு பகுதியைத் தருமம் என்ற பெயரால் செலுத்துவது தருமமும் ஆகாது. கடன் தீர்த்தலும் ஆகாது. சட்டமும் இதனையே கூறுகின்றது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. மரணம் நேர்ந்தவிடத்து ஈட்டுத்தொகையை உரிய அதிகாரியிடம் கட்டவேண்டுமேயன்றிக் குடும்பத்தார் கையில் நேரே கொடுத்து முடித்துக்கொள்ளலாகாது. மூன்று மாதச் சம்பளத்துக்கு மேற்படாத முன்பணம் மட்டுமே இதற்கு விலக்கு. துயரத்தில் ஆழ்ந்திருப்பவரின் கையெழுத்தைக் கொண்டு அவர் உரிமையைப் பறிக்காதிருத்தற்கே இவ்விதி வகுக்கப்பட்டது. விபத்து மகாராஷ்டிரத்தில் நேரினும், விதவை தாம் வாழும் ஊருக்குரிய அதிகாரியிடமே மனுச் செய்யலாம் என்பதும் பலர் அறியாத விஷயம்.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். முதலாவது, ‘ஒரு லாரியோ இரண்டு லாரியோ கடனுக்கு வாங்கி வைத்திருப்பவர் பதினாறு இலட்சத்துக்கு எங்கே போவார்?’ என்பது. நியாயமான கேள்வியே. டீசல் விலையும், சுங்கச் சாவடிக் கட்டணமும், மாதத் தவணையும் சேர்ந்து நெருக்கும் சிறு முதலாளியின் நிலையும் இரங்கத்தக்கதே. ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு வழி செய்துள்ளது. வண்டிக்குக் கட்டாயமாக எடுக்கவேண்டிய இன்ஷூரன்ஸிலேயே, சம்பளத்துக்கு வண்டி ஓட்டுபவர் வகையில் முதலாளிக்கு ஏற்படும் நஷ்டஈட்டுப் பொறுப்பும் அடங்கும். ஈட்டையும் அதன் வட்டியையும் இன்ஷூரன்ஸ் கம்பெனி தாங்கும். தாமதத்துக்காக விதிக்கப்படும் தண்டம் மட்டுமே முதலாளியைச் சாரும். ஆகவே ‘இவர் எம் ஓட்டுநரே’ என்று உண்மை கூறும் முதலாளிக்கு நஷ்டம் இல்லை, மறைப்பவரே நஷ்டமடைவார்.

இரண்டாவது, ‘குற்றம் பாராது ஈடு கொடுத்தால் ஓட்டுநர்கள் அசட்டையாக ஓட்டமாட்டார்களா?’ என்பது. பணம் வரும் என்றெண்ணித் தன் காலை முறித்துக்கொள்ளும் மனிதன் எங்குளன்? அசட்டைக்குப் பெருங்காரணம் உறக்கமின்மையே. எட்டு மணி நேர வேலையென 1961ஆம் ஆண்டு மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயின் ஐந்து தொழிலாளர்க்குக் குறைந்த இடங்களை அது தீண்டவில்லை. இப்பொழுது அதற்குப் பதிலாக வந்துள்ள தொகுப்பிலோ அவ்வெல்லை பத்தாக உயர்ந்துவிட்டது. நியமன உத்தரவு தரவேண்டும் என்னும் நல்ல விதியும் அதே தொகுப்பில் உளது. அதுவும் அவ்வெல்லைக்கு உட்பட்டதே. அஃதாவது, காகிதம் எங்கே மிகவும் வேண்டப்படுகின்றதோ, அங்கே அது சென்று சேருவதில்லை. ஈடு கொடுக்கும் கடமைக்கு இவ்வெல்லை இல்லை. ஒரே ஓட்டுநரை வைத்திருப்பவரும் ஈடு கொடுக்கவேண்டும். கடமைக்கு எல்லை இல்லை. அக்கடமையை மெய்ப்பிக்கும் எழுத்துக்கு மட்டும் எல்லை உண்டு! இம்முரணே இன்று தீர்க்கப்படவேண்டுவது.

தீர்க்கும் வழி அரிதன்று. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு சாலையிற் செல்லுமாயின் அதற்கு மின்வழிச் சீட்டு வேண்டும் என்பது 2018 முதல் நடைமுறை. சரக்கின் பெயரும், விலையும், அனுப்புவோரும் பெறுவோரும் அதில் எழுதப்படுகின்றன. வண்டி பழுதாகி வேறு வண்டியில் ஏற்றினால் அப்புதிய வண்டியின் எண்ணும் அதிற் பதியப்படவேண்டும். மூட்டைக்கு இத்துணைக் காவல். மூட்டையைக் கொண்டு செல்லும் மனிதரின் பெயரைக் கேட்பார் இல்லை. அச்சீட்டிலேயே ஓட்டுநரின் பெயரையும் உரிம எண்ணையும் பதியச் செய்தால் என்ன? ‘இவர் எம்மிடம் வேலை செய்தவர் அல்லர்’ என்னும் வாதம் அன்றே ஒழியும். எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினார் என்பதும் வெளிப்படும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஆண்டுதோறும் பாலிசியைப் புதுப்பிக்கும்பொழுது ஓட்டுநரின் மாதச் சம்பளத்தை எழுத்தாற் பெற்றுக்கொள்ளலாம். சம்பளம் பாங்குக் கணக்கின் வழியே செல்லவேண்டும் என்று லாரி உரிமையாளர் சங்கங்கள் தாமே முடிவு செய்யலாம். ஓட்டுநர்கள் அடிக்கடி முதலாளியை மாற்றுவதால் இவை இயலா என்பர் சிலர். நடைக்கு நடை மாறும் சரக்கின் பெயரை எழுதமுடியுமாயின், நடைக்கு நடை மாறும் ஓட்டுநரின் பெயரை எழுதமுடியாதா?

தாமே வண்டி வாங்கித் தாமே ஓட்டுவோர் நிலை வேறு. அவருக்கு முதலாளி இல்லையாதலின் இந்நஷ்டஈட்டுச் சட்டம் அவருக்குத் துணை செய்யாது. அவருக்கெனவே உரிமையாளர்–ஓட்டுநர் விபத்துக் காப்பு 2018 முதல் 15 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிறர் வண்டியின் பிழையால் காயமுற்ற சம்பள ஓட்டுநர் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தையும் நாடலாம். ஆயின் இரண்டு வழியிலும் ஈடு பெறுதல் இயலாது, ஒன்றையே தேர்தல் வேண்டும். எது நலம் என்பதை நல்ல வழக்கறிஞரைக் கேட்டுத் தெளிதல் அறிவுடைமை.

மாணவ நண்பர்களே, சட்டம் திருந்தும்வரை நாம் செய்யத்தக்கதும் ஒன்று உளது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்பொழுது, வண்டி ஓட்டும் தந்தையோ, தமையனோ, அண்டை வீட்டாரோ இருப்பின், அவருக்கு ஒரு குறிப்புப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வண்டியின் எண், முதலாளியின் பெயர், பாலிசியின் எண், புறப்பட்ட நாளும் நேரமும், பெற்ற சம்பளமும் பேட்டாவும் ஆகிய இவற்றை ஒவ்வொரு நடைக்கும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள். சம்பளத்தைப் பாங்கு வழியே கேட்டுப் பெறச் சொல்லுங்கள். அவர்தம் மனைவியாரும் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில், வேண்டும் நாளில் புத்தகத்தைத் தேடி எடுக்கவேண்டியவர் அவரே. விபத்து நேர்ந்தபின் எவரேனும் நீட்டும் தாளில் படித்தறியாமல் கையெழுத்திடலாகாது என்பதையும் சொல்லுங்கள்.

1837இல் நீதிபதிகள் அஞ்சியது வழக்குகளின் பெருக்கத்தை. இன்று நாம் அஞ்சவேண்டுவது வழக்கே தொடுக்கப்படாமல் அடங்கிப்போகும் துயரங்களின் பெருக்கத்தை. கொடுக்கவேண்டிய கடனைக் கடன் என்றே சொல்லிக் கேட்பதிற் பகை இல்லை. அதனைக் கடன் என்றே ஒப்பிக் கொடுப்பதில் முதலாளிக்கு இழிவும் இல்லை. இருவருக்கும் இடையே வேண்டுவது நேர்மையாக எழுதப்பட்ட ஒரு தாளே.